ஹேங்கரில் பதினேழு கிடாக்கள்

விமானம் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிகளை எப்படியாவது ஊருக்கு வெளியே இருக்கும் நுவாசர் தொழிற்பேட்டைப் பக்கம் வளைத்துப்போட வேண்டும் என்றே மொராக்கோவின் காசாபிளாங்காவில் ஓர் அலுவலகம் உண்டு. பூஷைப் அதன் வேன் ஓட்டுநர். பத்தொன்பது வருஷமாக விருந்தாளிகளை விமான நிலையத்தில் ஏற்றி, தொழிற்பேட்டையைச் சுற்றிக் காட்டி, திரும்ப அதே விமான நிலையத்தில் இறக்கிவிடுகிறார். அவர் மட்டும் ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. கேட்டால், "எந்த ஆணிய எவன் அடிச்சான்னே தெரியாம எப்படிய்யா ஏறி உக்கார்றது?" என்பார்.

அந்த ஆணிகளைச் சரிபார்க்கும் படிப்பைத்தான் அவர் மகள் கிஸ்லான் படித்தாள். விமானத் தொழில் பயிற்சிக் கூடத்தில் தரப் பரிசோதனையில் முதல் மாணவி. படித்து என்ன, வேலை இல்லை. பிரான்சில் இருக்கும் பெரியம்மா, "இங்க வந்துடு" என்று டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டாள். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த மூன்றாம் வாரம் பயணம். அதற்குள் ஏதாவது ஒரு கம்பெனி இங்கே வந்து காலூன்றாதா என்று பூஷைப் தொழுகைக்குத் தொழுகை கேட்டுக்கொண்டிருந்தார். மகள் போய்விட்டால் வீட்டில் சண்டை போட ஆளில்லை.

கம்பெனிகளுக்காகவே அலுவலகம் பெரிய ஹேங்கர் ஒன்றை, விமானமே நிற்கிற அளவுக் கொட்டகையை, கட்டி வைத்திருந்தது. வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள், பாராட்டினார்கள், தேநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். இரண்டு வருஷமாகக் காலி. சாவி பூஷைப் கையில். பெருநாளுக்குப் பத்து நாள் முன்னால் அவர் குர்பானி கொடுக்க ஒரு கிடா வாங்கினார். நாலாவது மாடி வீட்டில் அதை எங்கே கட்டுவது? ஹேங்கரில் கட்டினார். மறுநாள் தட்டச்சுக்காரர் தன் கிடாவை இழுத்துக்கொண்டு வந்தார், அதற்கடுத்து காவலாளி. கடைசியில் டைரக்டர் ஜவாத், எல்லாரும் மரியாதையாக ஸி ஜவாத் என்று கூப்பிடுகிறவர், அவரே காரின் பின்சீட்டில் ஒரு கிடாவோடு வந்து இறங்கினார். மொத்தம் பதினேழு.

தீனி போடும் வேலை கிஸ்லானுக்கு. அவளால் சும்மா இருக்க முடியுமா? ஒவ்வொரு கிடாவின் கழுத்திலும் அட்டை கட்டினாள். எண், யாருடையது, எப்போது வந்தது, யார் பார்த்தது, கையெழுத்து. நல்லதுக்குப் பச்சை அட்டை, கோளாறுக்குச் சிவப்பு. சிவப்பு வாங்கியது ஒன்றே ஒன்று, பதினேழாம் எண். டைரக்டருடையது.

கனடாக் கம்பெனி பெருநாளுக்கு அப்புறம் வருவதாகத்தான் ஏற்பாடு. திடீரென்று, "இன்றைக்கே வந்திறங்குகிறோம்" என்று காலையில் தகவல். டைரக்டர் ஓடோடி வேனில் ஏறி விமான நிலையம் போய், கம்பெனித் தலைவி மதாம் ஜினெட்டையும் அவருடைய இரண்டு ஆட்களையும் வரவேற்றார். பிறகு முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு பூஷைப்பின் காதருகே குனிந்தார்.

"ஹேங்கர்ல என்ன இருக்குன்னு தெரியுமில்ல?"

"தெரியாம என்ன ஸி ஜவாத், உங்களதும்தான் இருக்கு."

"வாயை மூடு! உன் மகளுக்கு ஃபோன் போட்டு எல்லாத்தையும் வெளிய ஓட்டச் சொல்லிட்டேன். நீ மெதுவா போ."

பூஷைப் மெதுவாகப் போனார். கழுதைவண்டி ஒன்று முந்திக்கொண்டு போனது. பிறகு ரவுண்டானாவைச் சுற்றினார். விருந்தாளிகளுக்காக அவசர அவசரமாக நட்ட பேரீச்ச மரங்கள் அங்கே வரிசையாக நின்றன. மூன்றாவது சுற்றில் மதாம் ஜினெட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தச் சாய்ஞ்ச மரத்தை நான் ஏற்கெனவே பாத்தேனே."

"எங்க ஊர்ல மரம் நிறைய, மதாம்" என்றார் டைரக்டர், வியர்வையைத் துடைத்தபடி.

ஹேங்கர் கதவு திறந்தபோது பதினேழும் உள்ளேயே நின்றன. ஒற்றை ஆளாகப் பதினேழு கிடாவை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு. கிஸ்லான் தலையெல்லாம் வைக்கோலோடு நடுவில் நின்றாள். போச்சு, இனி மகளுக்குப் பிரான்ஸ்தான் என்று பூஷைப் நினைத்துக்கொண்டார்.

மதாம் ஜினெட் ஒவ்வொரு அட்டையாகப் படித்துக்கொண்டே போனார். பதினேழில் நின்றார்.

"இது ஏன் சிவப்பு?"

"இடது பின்னங்கால்ல கோளாறு மதாம். நொண்டுது. நொண்டி குர்பானிக்குச் செல்லாது" என்றாள் கிஸ்லான்.

டைரக்டர் சிரித்து மழுப்பினார். "சின்னப் பொண்ணு, விளையாட்டுக்குக் கட்டியிருக்கு. கிஸ்லான், அந்தச் சிவப்பை அவுத்துட்டு பச்சையைக் கட்டும்மா."

"முடியாது, ஸி ஜவாத்."

"அது என் கிடா!"

"உங்க கிடாதான். ஆனா கையெழுத்து என்னோடது. அது நேரா நடக்கட்டும், நானே அவுக்கிறேன்."

பூஷைப் மகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார், இருமினார். அவள் அசையவில்லை. டைரக்டர் தானே அட்டையை அவிழ்க்கக் குனிந்தார். கிடா நழுவி அவருக்குப் பின்னால் வந்து ஒரு முட்டு முட்டியது. நொண்டி என்றாலும் குறி தப்பவில்லை.

வைக்கோலில் கிடந்த டைரக்டரைத் தாண்டி மதாம் ஜினெட் கிஸ்லானிடம் வந்தார். "நாங்க செய்யறது என்னன்னு தெரியுமா? விமானத்தோட கால். இறங்கும்போது மொத்த பாரமும் அதுலதான். மேலதிகாரி அவுக்கச் சொன்னதும் சிவப்பு அட்டையை அவுத்துடற ஆளுங்களை நான் நிறைய பாத்துட்டேன்." பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். "கட்டடம் பரவாயில்ல. கழுவிக் குடுங்க. இந்தப் பொண்ணும் சேர்த்துதானே?"

வேனுக்குத் திரும்பிய பூஷைப் சாவியைப் போட முடியாமல் கொஞ்ச நேரம் அழுதார். டைரக்டர் பெருநாளுக்கு வேறு கிடா வாங்கினார். பதினேழாம் எண் இன்றைக்கும் கம்பெனி வேலியோரம் புல் மேய்கிறது, சிவப்பு அட்டையோடு.

போன வருஷம் பூஷைப் முதல் முறையாக விமானம் ஏறினார், மக்காவுக்கு, உம்ரா செய்ய. படிக்கட்டு அருகே வரிசையை நிறுத்திவிட்டுக் குனிந்து, விமானத்தின் காலையே உற்றுப் பார்த்தார்.

"என்ன பெரியவரே தேடுறீங்க?" என்றாள் பணிப்பெண்.

"என் மக கையெழுத்தும்மா."

"அதெல்லாம் வெளிய தெரியாதுங்க."

"தெரியவேணாம்" என்று சொல்லிவிட்டு பூஷைப் மேலே ஏறினார்.