வாலை வெட்டிய பூமி

முன்னறையிலிருந்து பாலுசாமியின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சமையலறையில் காபிக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்த ராசாத்தாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. தொண்டையில் ஆரம்பித்து மூக்கில் முடிகிற சிரிப்பு. யாராவது எதையாவது கேட்டு, இல்லை என்று சொல்ல வாய் வராதபோது அவள் புருஷன் சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டு வருகிறாள். அது கேட்கும் போதெல்லாம் வீட்டை விட்டு ஏதாவது ஒன்று போகும். அவர் பங்குக்கு வந்த தறிக் குடோன் அப்படித்தான் அவருடைய அண்ணனுக்குப் போனது. ஆசையாக வாங்கிய பைக், பட்டறை முதலாளியின் மச்சினன் கைக்கு அவசரத்துக்கு என்று போய், திரும்பாமலே போனது.

இன்றைக்குப் போக இருப்பது பூமி.

"வழியில்லாத எடத்த வெச்சுக்கிட்டு நீங்க என்னங்க மாப்ள பண்ணுவீங்க?" என்று கேட்டது வந்திருந்தவரின் குரல். லட்சுமணசாமியின் குரல் அது. வெல்லப்பாகு மாதிரி இழைந்து வரும். "நானாச்சுன்னா பக்கத்துப் பூமிக்காரன். வெளியாளுக்குப் போறதுக்கு, நம்ம கைக்குள்ளயே இருக்கட்டுமேன்னுதானுங்க கேக்கறேன். நாங் கேட்டது தப்புங்களா?"

"ஐயோ, தப்பென்னங்க இருக்குது!" என்றார் பாலுசாமி. மறுபடியும் அந்தச் சிரிப்பு.

தெய்வமே, இந்த மனுஷனுக்கு ஒரே ஒரு தடவை 'இல்லீங்க' என்று சொல்லும் நாக்கைக் கொடுக்கக் கூடாதா என்று ராசாத்தாள் அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பில் பால் பொங்கியது. அவள் கண்ணிலும் பொங்கியது.

பாலுசாமி கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். இரும்பை மயிரிழை பிசகாமல் கடைவார். மனிதர்களிடம்தான் அந்தக் கணக்கு செல்லாது. ராசாத்தாள் ஒரு சின்ன மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றுகிறாள். செப்புக் கம்பி சுற்றிச் சுற்றி அவள் விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் ஆள் யாரென்று அதற்குத் தெரிவதில்லை. அவர்கள் இருவரும் இந்த ஊரில் வாழ்ந்ததெல்லாம் வாடகை வீட்டில். ஒரு வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சாமி படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் கும்பிட்டார்கள். இன்னொரு வீட்டில் ஒறம்பரை, சொந்தபந்தம் என்று யாராவது வந்து இரண்டு நாள் தங்கினால் மூன்றாம் நாள் தண்ணீர்க் குழாய் தானாக அடைபடும். இப்போது இருக்கும் வீட்டுக்காரர் நல்லவர்தான். ஆனால் வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறாராம். தைப் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

சொந்தமாக அவர்களுக்கு இருந்தது சரவணம்பட்டிக்கு அப்பால் ஒரு சைட். மகள் ரித்திகா அஞ்சாவது படிக்கும்போது, இருந்த நகையை எல்லாம் கழற்றிக் கொடுத்து வாங்கியது. அன்றைக்கு அங்கே சோளக்காடும் எருக்கஞ்செடியும்தான். கிழக்கே இட்டேரி. இரண்டு பக்கமும் வேலி வைத்த, ஒரு மாட்டு வண்டி போகிற பழைய தடம். தெற்கே ஒரு மண் ரோடு. சைட்டின் தென்மேற்கு மூலையிலிருந்து ஒரு ஒடுக்கமான துண்டு நீண்டு போய் அந்த மண் ரோட்டைத் தொட்டது. அந்தத் துண்டை ஒட்டி, சைட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில், லட்சுமணசாமியின் பூமி.

வாங்கின கையோடு பாலுசாமி வாஸ்துக்காரரை அழைத்து வந்தார். அந்தப் பக்கத்தில் வாஸ்து பார்க்காமல் கோழிக்கூண்டு கூட வைக்க மாட்டார்கள். அவர் திசைகாட்டியைத் தரையில் வைத்தார். நடந்தார். தென்மேற்கு மூலைக்கு வந்ததும், பாம்பை மிதித்தவர் மாதிரி நின்றார்.

"குபேர பூமிங்க. ஆனா வாலு முளைச்சிருக்குது. தென்மேற்கு நீண்டா ஊட்டுப் பெரியவருக்கு ஆகாதுங்க. வாலை வெட்டி உட்டுப் போடுங்க. கிழக்குல இட்டேரி இருக்குது, கிழக்கு வாசல் வெச்சீங்கன்னா ராஜயோகம்."

ஊட்டுப் பெரியவர் என்றால் பாலுசாமி. தன் புருஷனுக்கு ஆகாது என்று ஒருவர் சொன்ன பிறகு எந்தப் பெண் ஒரு துண்டு மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? ராசாத்தாளே முதல் ஆளாகத் தலையாட்டினாள். பத்திரச் செலவு மட்டும் தேறுகிற விலைக்கு அந்த வாலை லட்சுமணசாமிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அவரும் "உங்களுக்காகத்தானுங்க வாங்கிக்கறேன்" என்று வாங்கிக்கொண்டார். கண்டம் கழிந்தது என்று அன்று மருதமலையில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள்.

பிறகு சோளக்காடெல்லாம் கண்ணாடிக் கட்டடமாக முளைத்தது. மண் ரோடு தார் ரோடானது. சென்ட் விலை கேட்டால் மயக்கம் வந்தது. அவர்கள் சம்பாத்தியத்துக்கு இனி இந்த ஊரில் வேறு இடம் என்பது கனவிலும் நடக்காது. அந்த ஒரு சைட்தான். ரித்திகாவுக்கும் வேலை கிடைத்தது, பேங்க்காரர்களும் வீட்டுக் கடன் தருகிறோம் என்றார்கள். இன்ஜினீயர் கதிரிடம் பிளான் போடக் கொடுத்தார்கள். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், துணி காயப்போட ஒரு மாடி. ராசாத்தாள் கேட்டது அவ்வளவுதான். சமையலறை ஜன்னல் கிழக்குப் பார்த்து வேண்டும் என்றாள். அது மட்டும் அவள் ஆசை.

அங்கிருந்து தொடங்கியது அந்தக் கெரகம்.

முதலில், பின்பக்கம் விட வேண்டிய இடம் போதவில்லை என்று அனுமதி ஆபீஸிலிருந்து பிளான் திரும்பி வந்தது. கூடத்தைக் குறுக்கினார்கள். அடுத்து, பட்டாவில் உட்பிரிவு ஆகவில்லை என்று வந்தது. அதற்கு நடந்ததில் பாலுசாமியின் செருப்புத் தேய்ந்தது. உட்பிரிவு ஆகி வந்தால் அதிகாரி மாறியிருந்தார். புதியவர், பக்கவாட்டில் விட்ட இடத்தையும் பார்க்க வேண்டும் என்றார். படுக்கையறையைக் குறுக்கினார்கள். குறுக்கிக் குறுக்கி, கட்டில் போட்டால் கதவு திறக்காது என்கிற நிலைக்கு வந்தபோதுதான் கடைசிக் குண்டு விழுந்தது. ராசாத்தாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸுக்கு நேரிலேயே போனாள்.

"உங்க சைட்டுக்கு ரோடு எங்கம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"கிழக்க இட்டேரி இருக்குதுங்களே சார்."

"அது வண்டித்தடம். வீடு கட்ட அனுமதி குடுக்கற அகலம் அதுக்கு இல்ல. வேற பக்கம் பெரிய ரோடு தொடுதா?"

"முன்ன தொட்டுக்கிட்டு இருந்துச்சுங்க."

"முன்னன்னா?"

"வாலு இருந்துச்சுங்க சார். வெட்டிப் போட்டோம்."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை. பரிதாபப்பட்டார். அந்தப் பரிதாபம் தாங்காமல் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள்.

அதன் பிறகு லட்சுமணசாமியின் வீட்டுக்கு நடந்த நடை இருக்கிறதே! வாலைத் திருப்பிக் கொடுங்கள், இன்றைய விலைக்கே வாங்கிக்கொள்கிறோம் என்று கேட்கப் போவார்கள். அவர் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. வாசல் வரை வந்து அழைப்பார். இளநீர் வெட்டித் தருவார். "பாக்கலாமுங்க, பையனைக் கேட்டுச் சொல்றேனுங்க, ஆடி போகட்டுமுங்க" என்பார். ஆடி போய் ஐப்பசியும் போனது. சண்டை போடுகிறவனோடு சண்டை போடலாம். காலில் விழாத குறையாக மரியாதை கொடுக்கிறவனை என்ன செய்வது? பாலுசாமி இளநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, வெறுங்கையோடு வருவார். "நல்ல மனுஷன், என்ன வெசனமோ, கவலையோ அவருக்கு" என்று வேறு சொல்வார். ராசாத்தாளுக்குத் தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்று தெரியாது. முட்டிக்கொள்ள இருப்பதும் வாடகை வீட்டுச் சுவர் அல்லவா?

அப்படிப்பட்டவர் இன்றைக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு, கையில் ஸ்வீட் பெட்டியோடு வந்திருக்கிறார். சைட்டை மொத்தமாக விலைக்குக் கேட்கிறார்.

காபியை ஆற்றிய கை அப்படியே நின்றது. ஏன்?

ஒரு வருஷமாகப் பிடி கொடுக்காத ஆளுக்கு இன்றைக்கு என்ன அவசரம்? போன ஞாயிற்றுக்கிழமை சைட்டில் வைத்திருந்த முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றப் போனபோது பார்த்தது அவளுக்கு நினைவு வந்தது. லட்சுமணசாமி தன் வீட்டின் மேல் இரண்டு மாடி எழுப்பி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். பின்சுவர் சரியாக அவர்களுடைய எல்லைக்கல் மேலேயே நின்றது. அந்தச் சுவரை டேப் வைத்து அளந்து, சிவப்புப் பெயின்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள் ஆபீஸ் ஆட்கள். என்னவோ ஏதோ என்று அவள் வந்துவிட்டாள்.

பின்பக்கம் இடம் விட வேண்டும்! அந்த விதியைச் சொல்லிச் சொல்லித்தானே அவளுடைய கூடத்தைக் கூண்டாக்கினார்கள். அவளை ஓட ஓட விரட்டிய அதே விதி இப்போது லட்சுமணசாமியின் பிடரியையும் பிடித்திருக்கிறது. அவர் இடம் விடவில்லை. சுவரை இடிக்க வேண்டும், இல்லையென்றால் சுவருக்குப் பின்னால் இருக்கும் பூமி அவருடையதாக வேண்டும்.

அந்தப் பூமி ராசாத்தாளுடையது.

முன்னறையில் பாலுசாமி, "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்..." என்று இழுத்துக்கொண்டிருந்தார். அந்த வாக்கியம் முடிவதற்குள் அவள் போய்ச் சேர்ந்தாள். காபி டம்ளரை லட்சுமணசாமியின் முன்னால் வைத்தாள்.

"குடிங்ணா. ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?"

"சௌக்கியமுங்க அம்மணி. உங்க புண்ணியம்."

"பின்னாடி செவுத்துல சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்குதே, அது ஏனுங்ணா?"

டம்ளர் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

"அது வந்துங்க... ஆபீஸ்காரங்க ஏதோ அளவு..."

"இடிக்கச் சொல்லிட்டாங்களா?"

"ஏ, ராசு!" என்று பதறினார் பாலுசாமி. "வந்தவங்ககிட்ட என்ன பேச்சு இது?"

"நீங்க சித்த நேரம் சும்மா இருங்க" என்றாள் அவள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. ஆனால் வார்த்தை நிற்கவில்லை. "ஏனுங்ணா, ஒரு வருஷமா உங்க ஊட்டுத் திண்டுல உக்காந்து இளநி குடிச்சமே, ஒரு நாளாச்சும் எங்க ஊடு என்னாச்சுன்னு நெனச்சீங்களா? எம் பொண்ணு ராத்திரி பகலா சம்பாதிச்சு, கடனுக்குக் கையெழுத்துப் போட்டுக் காத்துக்கிட்டு இருக்கறா. தைக்கு நாங்க எங்க போவோம்? வழியில்லாத பூமின்னு சொல்றீங்களே, வழி யாருகிட்ட இருக்குது?"

லட்சுமணசாமி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பூமியத் தர மாட்டேனுங்க" என்றாள் ராசாத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க காசுல மெத்தை போட்டாலும் தர மாட்டேன். ஆனா உங்க செவுத்துக்குப் பின்னால ஆபீஸ்ல எவ்வளவு விடச் சொல்றாங்களோ, அவ்வளவு விட்டுத் தாரோம், எங்க கூடம் இன்னும் சுருங்குனாலும் சுருங்கட்டும். சும்மா கெடக்கற எங்க வாலை எங்களுக்குத் திருப்பி எழுதிக் குடுங்க. பூமிக்குப் பூமி. பரிவர்த்தனைப் பத்திரம் போட்டுக்கலாம். உங்க செவுரும் நிக்கும், எங்க ஊடும் நிக்கும்."

லட்சுமணசாமி தோள் துண்டை எடுத்து மடித்தார், மறுபடி பிரித்தார். இந்த வீட்டில் பேச வேண்டிய ஆள் யார் என்று தெரியாமல் இத்தனை நாள் வேறு ஆளுக்கு இளநீர் வெட்டியதை நினைத்தாரோ என்னவோ! கடைசியில் பாலுசாமியைப் பார்த்தார்.

"மாப்ள, நீங்க என்ன சொல்றீங்க?"

ராசாத்தாளும் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அந்தச் சிரிப்பு வந்தால் எல்லாம் போயிற்று.

பாலுசாமி பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். அவள் கைவிரல்களைப் பார்த்தார். பிறகு, லேத்தில் இரும்பைப் பொருத்தும்போது வைக்கிற முகத்தோடு சொன்னார்.

"எடம் விலைக்கு இல்லீங்க. அவ சொன்னதுதானுங்க."

கல்யாணத்தன்று கூட அந்த மனுஷன் ராசாத்தாளுக்கு இவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

"அதுக்கில்லீங்க" என்று லட்சுமணசாமி கடைசி ஆயுதத்தை எடுத்தார். "வாலை மறுபடியும் ஒட்டுனா மாப்ளைக்கு ஆகாதுன்னு வாஸ்துக்காரர் அன்னைக்கே..."

"வாலோட இருந்தப்ப எங்களுக்கு ஒரு கேடும் வரலீங்ணா. வெட்டுன பொறகுதான் இத்தனை சீரழிவும். இனி அந்தாளு எங்க பூமில கால வெச்சா, நான் மொதல்ல வெட்டறது வாலை இல்ல."

பாலுசாமிக்கு இருமல் வந்தது. லட்சுமணசாமிக்கே சிரிப்பில் உதடு துடித்துவிட்டது. ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

"சரி அம்மணி. திங்கக்கெழமை உங்க இன்ஜினீயரக் கூட்டிக்கிட்டு வாங்க. அளந்து கல்லு நட்டுப் போடலாம். பத்திரச் செலவு ஆளுக்குப் பாதி."

"ஆளுக்குப் பாதிங்ணா."

லட்சுமணசாமி வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பாலுசாமி வழியனுப்பப் படி வரை போனார். பரிவர்த்தனைப் பத்திரம், மறுபடியும் உட்பிரிவு, மறுபடியும் பட்டா, மறுபடியும் முதலிலிருந்து பிளான், அதற்குள் இன்னொரு அதிகாரி. ராசாத்தாள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். தைக்குள் அஸ்திவாரம் கூட வராது. நாளையிலிருந்து இன்னொரு வாடகை வீடு தேட வேண்டும். ஆணி அடிக்க விடுகிற வீடாகப் பார்க்க வேண்டும்.

"வாரேனுங்க" என்றார் லட்சுமணசாமி.

"போயிட்டு வாங்ணா" என்றாள் அவள். கார் முக்கில் திரும்பும் வரை நின்றாள். புருஷன் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.