வளைந்த வில்லோடு எடுத்த லொக்

1. மேலே வராத சீமெந்து

கரைத்த சீமெந்து முழுவதையும் பம்ப் பண்ணி முடித்தாகிவிட்டது. மேலே ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

குழாய்க்கிணற்றுக்குச் சீமெந்து போடுவது இப்படித்தான். துளைக்குள் நிறுத்திய இரும்புக் குழாய்க்குள்ளால், கேசிங் என்போம், சீமெந்தை இறக்கினால், அது அடியில் வெளியேறி, குழாய்க்கும் கல்லுக்கும் இடையிலுள்ள வெளியை நிரப்பிக்கொண்டு மேலே வரும். நிலமட்டத்தில் தெரிந்தால் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் முழுக்கப் பொந்து. சீமெந்து அந்தப் பொந்துகளுக்குள் போய்விட்டது. வேலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? இன்னும் கொஞ்சம் கரைத்து, அந்த இடைவெளிக்குள் மேலிருந்து வாளியால் ஊற்றினார்கள். வாய் நிரம்பியதும் "நிரம்பிட்டுது" என்று கைகழுவிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

எழுபதுகளில், சுன்னாகத்துக்கு வடக்கே நடந்த வேலை அது. அந்த இடத்தில் மேலே நல்ல தண்ணீர், அதற்குக் கீழே உப்புத் தண்ணீர், அதற்கும் கீழே மறுபடி நல்ல தண்ணீர். அடியிலிருப்பதை ஊருக்குக் குடிக்க எடுப்பதுதான் நான் வேலை செய்த திணைக்களத்தின் திட்டம். குழாய்க்குப் பின்னால் சீமெந்து ஒட்டாவிட்டால், உப்பு அந்த இடைவெளியால் ஏறி மேல் தண்ணீரில் கலந்துவிடும். சுற்றியுள்ள தோட்டக் கிணறுகள் எல்லாம் குடிப்பது அந்த மேல் தண்ணீரைத்தான்.

காணி கொடுத்தவர் தம்பிமுத்து அண்ணை. வெங்காயச் செய்கைக்காரர். அவருடைய கிணறு இரண்டு வரப்பு தள்ளி இருந்தது.

2. கோடு வலப்பக்கம் போனது

சீமெந்து ஒட்டியிருக்கிறதா என்று சொல்வது என் வேலை. கேபிளில் கட்டிய கருவியைக் குழாய்க்குள் இறக்குவோம். அது ஒரு சத்தத்தைப் போட்டு, அந்தச் சத்தம் குழாய் வழியே எவ்வளவு பலமாகத் திரும்புகிறது என்று கேட்கும். ஒட்டிய இடத்தில் சீமெந்து சத்தத்தைக் குடித்துவிடும். ஒட்டாத இடத்தில் குழாய் கணீரென்று அதிரும். கடதாசியில் கோடு இடது ஓரத்தில் கிடந்தால் நல்லது, வலப்பக்கம் ஏறினால் அங்கே சீமெந்து இல்லை. இந்தக் கடதாசியைத்தான் லொக் என்போம்.

சரியாக உப்புத் தண்ணீர் உள்ள ஆழத்தில் கோடு வலப்பக்கம் ஏறியது. நாற்பது அடி ஆழத்துக்கு இடப்பக்கம் திரும்பி வரவேயில்லை.

அண்ணை என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"என்ன தம்பி, மிசின் என்ன சொல்லுது? உப்பு மேலை வராதே?"

"இன்னும் பாக்கவேணும் அண்ணை."

"நீங்கள் பாத்துச் சொன்னால் எனக்குக் காணும். உந்தக் கிணறு போச்செண்டால் நாங்கள் மண்ணைத்தான் தின்னவேணும்."

லொக்கை எஞ்சினியரிடம் கொண்டு போனேன். "குழாயிலை ஓட்டை போட்டு, அமுக்கத்திலை சீமெந்து ஏத்தவேணும் சேர்" என்றேன்.

"உமக்கென்ன விசரே? அந்த மிசின் கொழும்பிலையிருந்து வரவேணும். வாற கிழமை திறப்புவிழா, கார்ட்டும் அடிச்சாச்சு. உம்மடை கருவிதான் பிழை விட்டிருக்கும். திருப்பி ஒருக்கா ஓடும்." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "உம்மை வேலையிலை நிரந்தரமாக்கிற கடிதமும் என்ரை மேசையிலைதான் கிடக்குது, தெரியுந்தானே?"

3. இரண்டாவது லொக்

கருவி குழாயின் நடுவில் நிற்கவேண்டும். அதற்காக அதைச் சுற்றி, குழாய்ச் சுவரை எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுகிற இரும்பு வில்கள், ஸ்பிரிங் மாதிரி, இருக்கும், சென்ரலைசர் என்போம். முதல் லொக் முடிந்து கருவியை வெளியே இழுக்கும்போது ஒரு வில் குழாய் வாயில் அடிபட்டு உள்ளுக்கு வளைந்துவிட்டது. வளைந்த வில்லோடு இறக்கினால் கருவி ஒரு பக்கம் சாயும். ஒரு பக்கச் சத்தம் முந்தியும் மற்றப் பக்கச் சத்தம் பிந்தியும் வந்து ஒன்றையொன்று அழிக்கும். கோடு இடப்பக்கம் விழும். ஒட்டாத குழாயும் ஒட்டினது போலத் தெரியும். இது லொக் எடுக்கிற எவனுக்கும் தெரியும்.

வளைவைக் கண்டேன். கையால் தடவியும் பார்த்தேன். புது வில் வாகனப் பெட்டிக்குள் இருந்தது. நான் எடுக்கவில்லை.

இரண்டாவது லொக் அழகாக வந்தது. எஞ்சினியர் என் முதுகில் தட்டினார். "பாத்தீரோ? நான் அப்பவே சொன்னனான்." முதல் லொக்கைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அந்த மனுசனுக்கு வில்லைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் என்னை மிரட்டினது உண்மை, ஆனால் பொய் லொக் எடுத்தவன் நான். "ஒட்டு நன்று" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அந்த மாதமே நிரந்தரமாக்கினார்கள். வெட்கங்கெட்ட நான் பால்சோறு பொங்கி அயலுக்கும் கொடுத்தேன்.

4. அண்ணை கொண்டுவந்த கடிதம்

இரண்டாம் வருடம் அண்ணையின் வெங்காயத் தாள் நுனி கருகத் தொடங்கியது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்கமுடியாத உப்பு. அவர் திணைக்களத்துக்கு மனுப் போட்டார். பதில் இங்கிலீசில் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தெரிந்த உத்தியோகத்தன் நான் ஒருவன்தான்.

"ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி."

வாசித்தேன். குழாய்க்கிணற்றின் சீமெந்து நன்றாக ஒட்டியிருப்பதை லொக் காட்டுகிறது. ஆகவே உப்பு அங்கிருந்து வரவில்லை. தாங்கள் பம்ப் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்ததே காரணம். கூடவே லொக்கின் பிரதி.

அண்ணை பிரதியின் அடியில் விரலை வைத்தார். "உது உங்கடை கையெழுத்தே?"

"ஓம் அண்ணை."

"அப்ப சரி. நீங்கள் பாத்தது பிழைக்காது. உவன் என்ரை மூத்த பெடியன்தான், சொல்லச் சொல்லக் கேளாமல் நெடுக இறைச்சவன். பாழாப்போவான், என்ரை கிணத்தைக் கெடுத்துப் போட்டான்."

என் மனைவி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, எனக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போனார். அந்த வில்லைப் பற்றிச் சொல்ல, படலை சாத்துகிற சத்தம் கேட்கும்வரை எனக்கு நேரம் இருந்தது. நான் அவர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மூத்தவன் வீட்டை விட்டுப் போய் வவுனியாவில் யாருடையவோ வயலில் கூலிக்கு நிற்கிறான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

லொக் எடுக்க வரும் பிள்ளைகள் என்னிடம் புத்தி கேட்கிறார்கள். வில்லைப் பார், கருவியை நடுவில் நிறுத்து என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் சொல்வது வேறு. கையெழுத்து வைக்க முன்னம், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஆளுக்கு அதை நீங்களே வாசித்துக் காட்டவேண்டி வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்தது.