கடலை மடித்த முடிவு

எங்களிடம் இருந்த புத்தகத்துக்கு முடிவு கிடையாது. கடலைக் கடையில், பழைய பேப்பர் குவியலிலிருந்து வாங்கிய பிரெஞ்சு நாவல் அது. கடைசிப் பக்கங்களைக் கடைக்காரர் கிழித்துக் கடலை மடித்துக் கொடுத்துவிட்டிருந்தார். பிரான்சில் பெரிய பேர் வாங்கிய நாவலாம். அவருக்கு அது பொட்டலத்துக்குத்தான் ஆயிற்று.

கன்னியர் பள்ளியில் படித்ததால் எனக்குப் பிரெஞ்சு வரும். அரியாங்குப்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்த அண்ணிக்கு வராது. மத்தியானத்தில் அவள் அரிசி புடைக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து கதையைத் தமிழில் சொல்வேன். ஒரு தச்சன் போருக்குப் போகிறான். அவன் மனைவி வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டுப் பிழைத்துக்கொண்டு, என்றைக்காவது வந்து கதவைத் தட்டுவான் என்று காத்திருக்கிறாள். அதற்குமேல் பக்கம் இல்லை.

என் அண்ணன் அப்போது சைகோனில் பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தான். முதலில் கப்பலுக்குக் கப்பல் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. அங்கே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டான் என்று தெருவில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அண்ணி சோறு இறங்காமல் இளைத்துக்கொண்டே போனாள். குறி கேட்கலாம் வா என்று பக்கத்து வீட்டம்மா கூப்பிட்டதற்கு, அது பாவம், மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிவரும் என்று மறுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் சினிமாக் கொட்டகையின் தமுக்கு வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. நோட்டீஸை வாங்கிப் படித்த நான் கத்திவிட்டேன். எங்கள் நாவல் பேசும் படமாகிவிட்டது, விரைவில் வருகிறது! அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதுல அவன் திரும்பி வந்துட்டான்னா, உங்க அண்ணனும் வந்துடுவாரு பாப்பா."

"இது மட்டும் குறி இல்லியா அண்ணி?"

"சினிமா பாக்கறது பாவம்னு ஆண்டவர் குடுத்த பத்துக் கற்பனையில எங்க இருக்கு? யாருகிட்டயும் முடிவக் கேக்காத. நானே கண்ணால பாக்கணும்."

படித்த வாலிபர்கள் கடற்கரையில் உட்கார்ந்து, தச்சனாக யார் நடிக்கிறார், புத்தகத்தைக் கெடுக்காமல் எடுத்திருப்பார்களா என்று அடிதடி வரைக்கும் போனார்கள். படப்பெட்டி கப்பலில் வர வேண்டும். கப்பல்கள் வந்தன. ஒன்றில் பெட்டி இல்லை, இன்னொன்றில் கடிதம் இல்லை. கொட்டகைக்காரர் 'விரைவில்' என்ற அட்டைக்குப் புதுச் சாயம் பூசி மறுபடி மாட்டினார். அண்ணிக்கு ரவிக்கை தோளில் நிற்கவில்லை. கொட்டகைக்காரர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. நியாயமாக அது அண்ணன்மேல் வந்திருக்க வேண்டும்.

ஒருவழியாகப் படம் வந்தது. பெண்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, வசனத்தை அண்ணியின் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் மழை பெய்கிறது, அவள் அடுப்படியில் நிற்கிறாள், கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. கதவைத் திறந்தால் தச்சன்! விசில் பறந்தது. அண்ணி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கும் அண்ணனே வந்துவிட்ட மாதிரிதான் இருந்தது.

வெளியே வந்தால், கோட்டுப் போட்ட வக்கீல் ஒருவர் தன் சிநேகிதரிடம் குதித்துக்கொண்டிருந்தார்.

"கெடுத்துட்டானுங்க! புத்தகத்துல அவன் எங்கய்யா வரான்? சண்டை முடிஞ்சதும் வேற ஊர்ல வேற ஒருத்தியோட குடித்தனம் பண்ணுவான். இவ காத்திருந்தே கிழவியாவா. அதான்யா கதை!"

அவர் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போலிருந்தது எனக்கு. அதற்குள் அண்ணி அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள். அந்நிய ஆம்பிளையிடம் அவள் பேசி நான் பார்த்ததே கிடையாது.

"நெசமாவா ஐயா?"

"சத்தியமா, மதாம். நான் பல வாட்டி படிச்சவன்" என்றார். கேட்க ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு.

அண்ணி மறுநாள் மறுபடி படத்துக்குப் போகலாம் என்றாள். அவன் திரும்பி வருவதை இன்னொரு தடவை பார்த்து ஆறுதல்பட நினைக்கிறாள் என்று நான் கூட்டிப்போனேன். மழைக் காட்சி தொடங்கியதும் எழுந்து, என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

"அண்ணி, இப்பதான் அவன் வருவான்!"

"வேணாம் பாப்பா. வந்தா பொய்யி. வரலன்னா நான் செத்துடுவேன். கடலக்காரன் கிழிச்சானே, அதோட நின்னுருக்கலாம்."

சொல்லிவிட்டு நடுத்தெருவில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். கொட்டகையின் கீற்றுத் தட்டி வழியே கதவு தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு விசில்.

அண்ணன் வரவே இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கதவை யார் தட்டினாலும் நான்தான் போய்த் திறப்பேன். அண்ணி அடுப்படியை விட்டு எழுந்திருக்க மாட்டாள்.