இரண்டாவது எண்

சென்ற மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லூர்து அத்தை ஏறக்குறைய இறந்தே போனார். தஞ்சாவூரில், ஐ.சி.யூ. கட்டிலில், அவர் உயிரோடு இருந்தபோதே!

அத்தை நன்னிலத்தில் கணக்கு டீச்சர். நீர்க்கடுப்பைப் பொருட்படுத்தாமல், காய்ச்சலுக்கு ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். ஒரு காலையில் பேச்சுக் குழறி, மயங்கிச் சரிந்தார். தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தோம். செப்சிஸ் என்றார்கள் — சிறுநீரில் தொடங்கிய தொற்று, உடல் முழுவதையும் நிலைகுலையச் செய்துவிட்ட கட்டம்.

ரத்தத்தில் லாக்டேட் ஆறு. இரண்டுக்குள் இருக்க வேண்டுமாம். உறுப்புகளுக்குப் போதிய ஆக்சிஜன் சேராதபோது ஏறுகிற பொருள் அது.

சென்னையில் இருக்கும் அத்தை மகன் ஜெரால்டு அண்ணனிடம் சொன்னேன். அவர் குழுவில் போட்டார். அவ்வளவுதான்... சிங்கப்பூர் உறவுகள் கூகுளைத் திறந்தார்கள். அத்தையின் கொழுந்தனார், வேளாங்கண்ணி சேவியர் மாமா, "ஃபாதர்கிட்ட சொல்லியாச்சா?" என்று கேட்டார், இறுதி ஜெபத்துக்கு அவரை அழைக்கத்தான். யாரோ அத்தையின் பழைய புகைப்படம் ஒன்றைத் தேடியெடுத்துப் போட்டார். மிக நல்ல புகைப்படம். எனக்குப் பயம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

அண்ணன் மறுபடி அழைத்தார். "ஆம்புலன்ஸ் சொல்லிட்டேம்மா. அம்மாவ சென்னைக்குக் கொண்டாந்துடலாம்."

டாக்டரிடம் போய் நின்றேன். என்னைவிடச் சில வயதே மூத்த பெண்.

"பிரஷர் இன்னும் நிக்கலைங்க. இப்ப ரோட்ல கொண்டுபோறது ரிஸ்க். மருந்து, சலைன் எல்லாம் போயிட்டிருக்கு. ரெண்டு மணி நேரம் கழிச்சு மறுபடி லாக்டேட் எடுப்போம். எவ்வளவு இருக்குங்கறதைவிட, குறையுதாங்கறதுதான் முக்கியம்."

"குறைஞ்சா பிழைச்சுடுவாங்களா?"

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன். நல்ல அறிகுறின்னு சொல்வேன்."

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. சொல்லை அளந்து பேசுகிறவர்களை நம்பலாம். அண்ணனை அழைத்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன்; அவர் கேட்பதாக இல்லை.

"அண்ணே, போன ஐப்பசி மழையில நம்ம வயல் முங்கினப்ப தினம் போன் பண்ணி என்ன கேட்டீங்க?"

"இப்ப எதுக்கு அது? வடிய ஆரம்பிச்சுதான்னு கேட்டேன்."

"தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு கேக்கலையே?"

"வாயே திறக்காத பொண்ணு... இன்னிக்குன்னு பாத்து பேசுற" என்றார். பிறகு, குரல் இறங்கி, "சரி. ரெண்டாவது ரிசல்ட் வரட்டும். ஆம்புலன்ஸ நிறுத்திவைக்கிறேன்."

அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

நாலரை!

மாலையில் மூன்று. ரத்த அழுத்தம் நிலைத்தது, சிறுநீர் ஒழுங்காகப் பிரிந்தது. மறுநாள் லாக்டேட் இரண்டுக்குக் கீழே வந்தபோது அத்தை கண்ணைத் திறந்து, "எட்டாம் வகுப்புக்கு இன்னிக்கு யாரு போறா?" என்றார்.

ஒவ்வொரு எண்ணையும் குழுவில் போட்டுக்கொண்டுதான் இருந்தேன். வேடிக்கை என்ன தெரியுமா? ஆறை எல்லோரும் உடனே பார்த்தார்கள். நாலரையைப் பார்க்க ஆளில்லை. எல்லோரும் ஆறை அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

முதல் எண்ணில் அப்படி என்ன கவர்ச்சி? அதைக் கேட்டதும் முடிவு நமக்கே தெரிந்துவிட்டது போலிருக்கிறது; அதற்குமேல் காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஓர் எண், நோயாளி நிற்கிற இடத்தை மட்டுமே சொல்லும். போகிற திசையைச் சொல்ல இன்னோர் எண் வேண்டும். நோயாளிக்கு மட்டுமா? தேர்வில் ஒருமுறை தோற்ற பிள்ளைக்கும், ஒருநாள் கடுமையாகப் பேசிவிட்ட நண்பருக்கும்கூட இரண்டாவது எண் ஒன்று உண்டு. கேட்கத்தான் நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

வீடு திரும்பிய அன்று அத்தை என் போனை வாங்கி, குழுவில் வந்த அத்தனையையும் மேலிருந்து கீழ்வரை வாசித்தார், விடைத்தாள் திருத்துகிற அதே முகத்தோடு. பிறகு சேவியர் மாமாவின் கேள்விக்குக் கீழே நிதானமாகப் பதில் தட்டினார்:

"ஃபாதர்கிட்ட சொல்லியாச்சு தம்பி. ஞாயித்துக்கிழமை பூசைக்கு நானே நடந்து வர்றேன்னு."