இடுப்பளவு தண்ணீர்

நீர்த்தேக்கத்தில் ஆழம் பார்ப்பதுதான் அவள் வேலை. கயிற்றின் நுனியில் ஈயக்குண்டு, முழத்துக்கு ஒரு முடிச்சு. படகில் போய்க் குண்டை இறக்குவாள். அடி தட்டியதும் நனைந்த முடிச்சுகளை எண்ணிச் சொல்வாள். ஊரே அவளைக் 'குண்டக்கா' என்றது. ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி.

பதினெட்டு வருடத்தில் ஏரி அவள் கண்ணெதிரே மேடேறியது. மேலே மலையில் மரங்களை வெட்டினார்கள், மண் இறங்கி வந்து ஏரியில் படிந்தது. கீழே ஆற்றில் மணலை அள்ளினார்கள், ஆள் உயரத்துக்குப் பள்ளம் விழுந்தது. அப்படியொரு பள்ளத்தில்தான், சின்ன வயதிலிருந்து நடந்தே கடந்த துறையில், அவளுடைய அண்ணன் மூழ்கிப் போனான். முந்தின வாரம் வரை அங்கே பள்ளம் கிடையாது.

மணல் அள்ளியது கான்ட்ராக்டர். விசாரணையில் கையை விரித்துவிட்டார்.

"நான் அந்தப் பக்கமே போகலீங்க. இடுப்பளவு தண்ணியில எவனாவது சாவானா? குடிச்சிட்டு விழுந்திருப்பான்."

அண்ணன் டீயைத் தவிர எதையும் குடித்தவனில்லை. ஆனாலும் வழக்கு முடிந்துவிட்டது.

ஒன்பது வருடம் அவள் வாயைத் திறக்கவில்லை. கான்ட்ராக்டர் எதிரே வந்தால் வணக்கம் வேறு வைப்பாள்.

"உனக்குச் சூடு சொரணையே கிடையாதாடி?" என்று அண்ணி பொரிந்து தள்ளுவாள்.

"இருக்கு அண்ணி. அடுப்புலதான் இருக்கு. இன்னும் வேகல."

ஏரியைத் தூர் வாரும் வேலை அதே கான்ட்ராக்டருக்குக் கிடைத்தபோது வெந்துவிட்டது.

ஏரியில் ஆழம் பார்க்கும் இடங்களைக் குறிக்க ஏழு மிதவைகள். ஏழின் கீழும் ஆறு முழம் ஆழம் இருந்தால் வேலை சரி என்று என்ஜினியர் கையெழுத்திடுவார். வேலை முடிந்ததாகச் சொன்ன மறுநாள் அவள் தனியாகப் போய்க் குண்டை இறக்கினாள். மிதவையடியில் ஆறு முழம். பத்தடி தள்ளி இரண்டே முழம். ஏழு இடத்திலும் அதே கதை. ஆள் ஏரியைத் தூர் வாரவில்லை. மிதவைகளுக்கு நேர் கீழே ஏழு குழிகள் மட்டும் வெட்டியிருந்தார். மறுபடியும் பள்ளம்.

மிதவைகளில் பாசி சுரண்டுவதும் அவள் வேலைதான். என்ஜினியர் வருகிற அன்று காலையில், பட்டப்பகலில், பாசியைச் சுரண்டியபடியே ஒவ்வொரு மிதவையின் நங்கூரக் கல்லையும் தூக்கிப் பத்தடி நகர்த்தி வைத்தாள். ஒன்றை வலப்பக்கம், ஒன்றை இடப்பக்கம், ஒன்றைக் கரையை நோக்கி.

படகில் மூன்று பேர். முதல் மிதவையருகே கயிற்றைக் கான்ட்ராக்டர் கையிலேயே கொடுத்தாள்.

"நீங்களே இறக்குங்க சார். நான் ஏமாத்திட்டேன்னு பேச்சு வரக்கூடாது பாருங்க."

குண்டு இறங்கியது. இரண்டு முடிச்சோடு கயிறு தொய்ந்தது.

"இருக்காதே!" கான்ட்ராக்டர் எழுந்து, மிதவையைப் பிடித்து இழுக்க எட்டினார். படகு சாய்ந்தது. அவள் படகைத்தான் பிடித்தாள், அவரைப் பிடிக்கவில்லை.

விழுந்து எழுந்தவருக்குத் தண்ணீர் சரியாக இடுப்பளவு. அவருக்கு நீச்சல் தெரியாது என்பது ஊருக்கே தெரியும். அவள் துடுப்பால் ஒரு தள்ளுத் தள்ளினாள். படகு நாலு முழம் விலகியது.

"அட, கை குடும்மா!" என்றார் என்ஜினியர்.

"எதுக்கு சார்? இடுப்பளவு தண்ணியில எவனாவது சாவானா? கரை பக்கந்தானே, நடந்தே வரட்டும்."

கான்ட்ராக்டர் ஒரு காலைத் தூக்கினார். மறுபடி அதே இடத்திலேயே வைத்தார்.

"குண்டக்கா... பள்ளம் எந்தப் பக்கம்?"

"என்ன பள்ளம்?" என்ஜினியர் திரும்பினார். "ஒரே சீரா வாரியிருக்கேன்னுதானே எழுதிக் கொடுத்தீங்க?"

அவள் அவசரமே இல்லாமல் கயிற்றைச் சுருட்டினாள்.

"சொல்றேன் சார். அதுக்கு முன்னால, ஆத்துல எங்க அண்ணன் விழுந்த பள்ளத்த யார் வெட்டினதுன்னு நீங்க சொல்லுங்க."

தண்ணீர் சலசலத்தது. அவர் உதடு அசைந்தது.

"காதுல விழல சார்."

"நான்தான்! நான்தான் வெட்டினேன்! எந்தப் பக்கம், சொல்லித் தொலை!"

என்ஜினியர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவள் கயிற்றைக் கடைசிச் சுற்றுவரை சுருட்டி, குண்டைத் துடைத்து, படகின் அடியில் வைத்துவிட்டு, பிறகுதான் கையை நீட்டி இடப்பக்கத்தைக் காட்டினாள்.