வீங்காத கை

"வீட்டில ஆருக்காவது இருமல் உண்டா?" என்று ஆர்யா டாக்டர் கேட்டபோது எலிசாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இல்ல டாக்டரே, ஆருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டாள்.

அது 1996. மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள் எலிசாள். சாலைக் கடைத்தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் காய் நறுக்குவாள். புருஷன் வன்னியராஜுக்குக் கட்டட வேலை. மணக்காட்டில் ஒற்றை அறை. அவர்கள் இருவரும் மூன்று வயது மகள் பிரேமாவும் ஒரே பாயில்தான் படுக்கை.

வன்னியராஜ் மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தான். கேட்டால், "சிமெண்டுப் பொடிடீ" என்பான். ஒருநாள் அவன் தோள்துண்டில் சிவப்பாக ஒரு பொட்டு தெரிந்தது. எலிசாள் ஒன்றும் கேட்காமல் துவைத்துக் காயப்போட்டாள். கேட்டால் பதில் சொல்லிவிடுவான் என்ற பயம். போன வருஷம் அவனோடு வேலை பார்த்த சுடலைக்கண்ணுவுக்கு டி.பி. என்று தெரிந்த அன்றே கான்ட்ராக்டர் அவனை வரவேண்டாம் என்று சொன்னார். மறுநாள் அவன் குடியிருந்த அறையும் போயிற்று.

பிரேமாவுக்கு மணல்வாரி அம்மை கண்டு இறங்கி ஒரு மாதம் ஆகியும் உடம்பு தேறவில்லை. சாயங்காலமானால் காய்ச்சலில் மேல் காந்தும். விலா எலும்பை எண்ணிவிடலாம். அதனால்தான் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தாள்.

டி.பி. உண்டா என்று பார்க்க, ஷிஜா நர்ஸ் குழந்தையின் முன்கையில் மெல்லிய ஊசியால் தோலுக்கு அடியில் ஒரு சொட்டு மருந்தை ஏற்றி, சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டாள்.

"சொறியக்கூடாது, எண்ணெய் போடக்கூடாது. இண்ணைக்குத் திங்கள். வியாழக்கிழமை கொண்டு வரணும் கேட்டோ?"

"இப்பமே பாத்துச் சொல்லப்படாதா?"

"இது பெட்டெண்ணு தெரியாது சேச்சி. உள்ளே கிருமி இருந்தா, உடம்பு அதை அடையாளம் கண்டு தடிச்சு வர ரெண்டு மூணு நாள் பிடிக்கும்."

வெளியே வரிசையில் நின்ற ஞானபாய் அந்த வட்டத்தைப் பார்த்ததும், "எனக்க மவனுக்கு நெல்லிக்கா கணக்கா வீங்கிச்சு பிள்ளே. வீங்கினா சீக்கு உண்டு" என்றாள்.

அதற்குப் பிறகு எலிசாளுக்குக் கண் வேறெங்கும் போகவில்லை. கடையில் சேனை நறுக்கும்போதும் பக்கத்தில் உட்காரவைத்திருந்த பிள்ளையின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி விரலில் பட்டது. செவ்வாயன்று விரலால் தடவிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. புதனன்றும் இல்லை. "ஏசப்பா, அப்படியே இருக்கட்டு" என்று முணுமுணுத்தபடியே நடந்தாள். வியாழன் காலையில் கை வழவழவென்று இருந்தது. பெருமூச்சு விட்டு, பிள்ளைக்கு நல்ல கவுன் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

டாக்டர் அளவுகோலை எடுத்தார். அளப்பதற்கு ஒன்றும் இல்லாததால் கீழே வைத்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"வீங்கல்லியே டாக்டரே, நல்லதுதானே?"

"வீங்கல்லேன்னா சீக்கு இல்லேன்னு அர்த்தம் இல்ல எலிசாள். எதிர்த்து நிக்க உடம்புல தெம்பு வேணும். மணல்வாரி வந்து, இப்படி மெலிஞ்ச பிள்ளைக்கு அந்தத் தெம்பே இல்லாம இருக்கலாம். உள்ளே கிருமி இருந்தாலும் கை சும்மாதான் இருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "நான் ஒருக்கா கூடிக் கேக்கறேன். வீட்டில ஆருக்கு இருமல்?"

மூன்று நாளாக எதைக் கண்டு பயந்தாளோ அது வரவில்லை. வராததுதான் இப்போது பயம். கட்டடம், அறை, சுடலைக்கண்ணு பெட்டியோடு தெருவில் நின்றது எல்லாம் கண்முன் வந்தன. மடியில் பிரேமா பஞ்சுபோலக் கிடந்தாள்.

"எனக்க மாப்பிளைக்கு. இருமினப்ப துண்டுல செவப்பா சோரையும் வந்துது டாக்டரே" என்றாள். பிறகு அழுதாள்.

பிள்ளை விழுங்கிய சளியில் கிருமி உண்டா என்று பார்க்க, மூன்று நாள் காலையில் அவள் மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுத்தார்கள். அவள் கதறிய கதறலில் எலிசாள் வராந்தாவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். வன்னியராஜ், "எனக்க சோத்துல மண்ணு போட்டுட்டியே" என்று கத்திவிட்டு இரண்டு நாள் வீட்டுக்கே வரவில்லை. மூன்றாம் நாள் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து, சளி பரிசோதிக்கும் வரிசையில் தலைகுனிந்து நின்றான். அப்பனுக்கும் மகளுக்கும் டி.பி. என்று உறுதியாயிற்று.

மருந்து தொடங்கிய மறுநாள் பிரேமாவின் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போயிற்று. இரத்தம் என்று அலறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவளை, அது மாத்திரையின் நிறம் என்று ஷிஜா பிடித்து உட்காரவைத்தாள்.

மூன்று மாதத்தில் பிள்ளைக்குக் கன்னம் வைத்தது. டாக்டர் மறுபடியும் அந்த ஊசியைப் போட்டார். இரண்டாம் நாளே கை சிவந்து, கெட்டியாகத் தடித்துவிட்டது. எலிசாள் சொன்ன நாள்வரை காத்திருக்கவில்லை, அன்றே ஓடினாள்.

"மருந்து பிடிக்கல்லியா டாக்டரே? சீக்கு கூடிப்போச்சா?"

"இல்ல" என்று டாக்டர் சிரித்தார். "இப்பதான் உடம்புக்கு எதிரியை அடையாளம் தெரிஞ்சிருக்கு. இது நல்ல வீக்கம்."

எலிசாள் தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. இதற்குள் அவள் பயந்தபடியே கான்ட்ராக்டர் வன்னியராஜை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மாத்திரை முழுவதும் முடித்த பிறகு ஒரு மரக்கடையில் அவனுக்குக் காவல் வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்துப் பிரேமா பள்ளிக்கூடம் சேர்ந்தாள். முதல் நாள் வகுப்பில் எந்தப் பிள்ளையோ இருமியது. வாசலில் நின்ற எலிசாள் அது யார் என்று பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.