ஆரணி மழையில் சுடாத களிமண்

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் ஆரணிக்குப் போனேன். அங்கே மாதா கோயிலில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கும் தோழி ஸ்டெல்லா, சின்னப் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் மெழுகுவத்தித் தாங்கி செய்யச் சொல்லிக் கொடு என்று கூப்பிட்டிருந்தாள். வேலூரிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். கோயிலுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். "ஜல்தியா ஏறுங்க மேடம், இருட்டிகினு வருது. இந்த மழையால ஒரே பேஜாரு," என்றார் ஓட்டுநர்.

வேலை சுலபம்தான். உருண்டை பிடித்து, கட்டைவிரலை நடுவில் அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளினால் கிண்ணம். பிள்ளைகள் மூக்கில் எல்லாம் மண். ஏழு வயது ஜெனிபா மட்டும் கூடவே ஒரு சின்னத் தட்டு தட்டி, தீக்குச்சியால் 'மேரி' என்று கீறினாள். அவள் அம்மா. ஆனி மாதம் காய்ச்சலில் போய்விட்டாளாம்.

"அங்க எல்லாமே மண்மேடுதான் டீச்சர். பேரு இருந்தாத்தான் எங்கம்மா எதுன்னு தெரியும்."

பெயர்த் தட்டைக் கிண்ணத்தோடு ஒட்ட அவள் சாம்பல் கேட்டாள். அவள் அப்பா பட்டுத்தறிக்காரர். அறுந்த இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கித்தான் சேர்ப்பார்.

"சாம்பல் வேணாம் தங்கம். மண்ணு தண்ணி பட்டாத்தான் ஒட்டும்," என்றேன். ஒட்டியது. பல் விழுந்த வாயைத் திறந்து சிரித்தாள். சூளையில் சுட நேரமில்லை. ராத்திரி ஃபேனுக்கடியில் காய்ந்தால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கல்லறைத் தோட்டமெங்கும் மெழுகுவத்தியும் சாமந்தியும். ஃபாதர் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வரும்போதே மழை கொட்டியது. எல்லோரும் ஷெட்டுக்கு ஓடினோம். மழை விட்டதும் போய்ப் பார்த்தால், ஜெனிபா அம்மாவின் மேட்டின்மேல் மெழுகுவத்தி மட்டும் சாய்ந்து கிடந்தது. கிண்ணமும் பெயரும் கரைந்து மேட்டோடு மேடாகிவிட்டன.

"அளுவாத கண்ணு. அம்மா எடுத்துகினு போயிட்டா," என்றார் ஜெனிபாவின் அப்பா.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள். "தண்ணி பட்டா ஒட்டும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

குனிந்து, சாய்ந்து கிடந்த மெழுகுவத்தியை ஈர மண்ணிலேயே நிமிர்த்தி நட்டேன், பாவி.

ஐப்பசியில் ஆரணி போகிறவர்கள் குடை எடுத்துக்கொள்ளுங்கள். களிமண் வகுப்பு எடுப்பதானால் ஒரு வாரம் முன்பே போய், நிழலில் காயவைத்து, சூளையில் சுட்டு வாங்குங்கள். முடியாதென்றால் காகிதப் பூ போதும். எதுவானாலும், அது எத்தனை நாள் இருக்கவேண்டும் என்று பிள்ளையிடம் முதலில் கேளுங்கள். நான் ஒரு சாயங்காலத்துக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஜெனிபா என்றைக்கும் இருப்பதற்குச் செய்தாள்.